வெள்ளிக்கிழமைக்கு முன் இறுக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நம் மாடி அறையில் நீ செய்து வைத்த, திரையைப் பார்த்துக் கார் ஓட்டிப் பழகும் வண்டியில் தங்கையாவின் மகள் ஜெயா உட்கார்ந்திருந்தபோது, எதிரே தொங்கிய மானிட்டர் அவள் முழங்காலை நோக்கி ஒரு சாண் இறங்கி நின்றது. விழவில்லை. அதைத் தாங்கிய நான்கு போல்ட்டில் இரண்டின் நட்டுகள் தரையில் கிடந்தன. மூன்றாவதன் நட்டு கடைசி மரையில் தொற்றிக்கொண்டிருந்தது. நான்காவது மட்டும் பிடித்திருந்தது. யாருக்கும் அடி இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மகனே. நடுவில் எழுதினால் நீ அதை மட்டும் தேடிப் படித்துவிட்டு மிச்சத்தை மடித்து வைத்துவிடுவாய். மிச்சத்தைத்தான் நீ படிக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கடை போனில் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ஒன்னும் ஆகாதுப்பா, நான் நல்லா டைட் பண்ணித்தான் வச்சேன். யாராவது கை வச்சிருப்பாங்க” என்றாய். பின்னால் யாரோ உன்னை அழைக்கும் சத்தம் கேட்டது. “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் எதைச் சொன்னாலும் அந்த இரண்டு ‘சரிப்பா’வுக்குள் போய்ச் செத்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று செவ்வாய். இதை இன்றைய பெங்களூர் பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள் என்று மட்டும் போனில் சொல்வேன்.

நீ அந்த வண்டியைச் செய்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தவன். ஒரு நாளில் அது உருவாகவில்லை. முதலில் மேசையில் திருகிப் பிடிக்கும் ஒரு ஸ்டியரிங் வளையமும், காலுக்கு இரண்டு பெடலும் சென்னையிலிருந்து வாங்கி வந்தாய். மேசை ஆடுகிறது என்று என் குடோனில் ரேக் போடுகிற துளை ஆங்கிள் இரும்பை எடுத்துச் சட்டம் கட்டினாய். பிறகு மதுரையில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வேன் சீட்டு வந்தது. பிறகு பெட்டி மாதிரி இருக்கும் அந்தப் பழைய மானிட்டரைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர முன்னால் இரண்டு கை நீட்டினாய். அந்தக் கையிலேயே இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர் பிடித்த போல்ட்டிலேயே ஒரு சின்ன விளக்கு. கடைசியில், கார் உறுமினால் சீட்டும் உறும வேண்டும் என்று உன் அம்மாவின் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றி, அதன் முனையில் ஒருபக்கம் மட்டும் கனமான இரும்புத் துண்டை மாட்டி, சீட்டுக்கு அடியில் வைத்தாய். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்னச் சாமான். ஒவ்வொன்றுக்கும் நீ புதிதாக ஒரு இடம் தேடவில்லை, முன்பு போட்டதன் தோளிலேயே அடுத்ததைத் தொங்கவிட்டாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் நீ அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஸ்பேனரைப் பிடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தங்கையாவை உனக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். ஆயுத பூஜை அன்று கீழே நம் போல்ட்டுக் கடைக்கு வந்து, பூஜைப் பொரி வாங்கிக்கொண்டு, மாடியில் என்ன சத்தம் என்று ஏறிப் பார்த்தவர், உன் வண்டியில் உட்கார்ந்துவிட்டு இறங்க மனசே இல்லாமல் இருந்தார். அன்றைக்கே உன்னிடம் விலை பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். அவர் கணக்கு லேசானது. கார் பழக வரும் பெண்கள் பஜாரில் ஓட்டப் பயப்படுகிறார்கள், முதலில் ஒரு வாரம் அறைக்குள் உட்கார வைத்து வளையம் திருப்பப் பழக்கினால் பயம் போய்விடும் என்கிறார். அதில் எனக்கு மறுப்பு இல்லை. வியாபாரி என்ற முறையில் நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். ஆனால் நீ உனக்காகச் செய்தது வேறு, அடுத்த வீட்டுப் பிள்ளையை உட்கார வைக்கக் கொடுப்பது வேறு. எது எங்கே ஆடும் என்று உன் வண்டியில் உனக்குத் தெரியும். உன் உடம்பே அதற்குத் தகுந்தபடி ஒதுங்கி உட்காரும். வருகிற பிள்ளைக்கு அது தெரியாது.

தீபாவளி முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய பிறகு, எடுத்துப் போவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூடவே ஜெயா. கல்லூரி முடித்த பிள்ளை, அமைதியாக இருந்தாள். கம்ப்யூட்டரை நீ போனில் சொன்னபடி நானே போட்டேன். ஜெயா உள்ளே நுழைந்து உட்காருவதற்கே செத்த நேரம் பிடித்தது. அந்தச் சீட்டு எவ்வளவு தாழ்வு, வளையம் மடியை எப்படி அடைக்கும் என்பது உனக்கே தெரியும். ஏறுவது கஷ்டம், இறங்குவது அதைவிடக் கஷ்டம்.

“ஏட்டி, இது நெசக் காரு இல்ல. இடிச்சாலும் அப்பனுக்குச் செலவு கெடையாது. பயப்படாம மிதி” என்றார் தங்கையா.

“இதுல கிளட்ச் எங்கப்பா?”

“கிளட்ச்ச நான் வாயால சொல்லிக் குடுத்துக்கிடுதேன். நீ வளையத்தப் பிடி.”

அவள் சிரித்துக்கொண்டே மிதித்தாள். திரையில் கார் கிளம்பியது. தங்கையா குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த மோட்டாரின் சுவிட்சைத் தட்டினார். அறை முழுக்க ஒரு நடுக்கம் பரவியது. வாசல்படியில் நின்ற உன் அம்மாவின் கையில் காபித் தட்டு இருந்தது. தட்டில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்தன. அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்ட் தரையில் நட்டு விழுகிற சத்தம். நட்டு விற்றே வயிறு வளர்த்தவன் நான். ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் அது என் காதில் தனியாக விழும்.

“தங்கையா, நிறுத்தும்” என்றேன்.

“இருங்க அண்ணாச்சி, இப்பத்தான வேகம் பிடிக்குது.”

“நிறுத்தும்யா. ஏதோ கழண்டுட்டு.”

“வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும். ஏட்டி, வளைவு வருது, திருப்பு, திருப்பு!”

இரண்டாவது நட்டு விழுந்தது. மானிட்டர் சட்டென்று விழுந்திருந்தால் அத்தனை பயம் வந்திருக்காது. அது மெதுவாக, தூக்கம் வந்த ஆள் தலையைத் தொங்கவிடுவது போல, முன்னால் கவிழ்ந்துகொண்டே வந்தது. திரையில் கார் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயா கையை எடுத்துவிட்டாள், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வளையம் மடியை அடைத்திருந்தது. கால்கள் இரண்டும் பெடல் மேல், நேரே மானிட்டருக்குக் கீழே. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், உள்ளே முழுக்கக் கண்ணாடி. தட்டு கீழே விழுந்து உடைந்ததைக்கூடப் பார்க்காமல் உன் அம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். நடுக்கம் நின்றது. மானிட்டரும் அந்த ஒரு போல்ட்டில் நின்றது. நான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன், தங்கையா மகளை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? சிரித்தார். “அண்ணாச்சி, நீங்க நட்டு விக்கிறவக. உங்களுக்கு உலகத்துல எல்லாமே கழண்டுதான் தெரியும். ரெண்டு நட்டு விழுந்ததுக்கு மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?” என்றார். ஜெயா சிரிக்கவில்லை. மானிட்டர் அவள் மேல் படவே இல்லை, ஆனாலும் இரண்டு முழங்காலையும் கையால் தேய்த்துக்கொண்டே படியிறங்கினாள்.

அவர்கள் போன பிறகு நானும் உன் அம்மாவும் அந்த வண்டியை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தோம். முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். “ஏங்க, இங்க வந்து பாருங்க. நான் வச்ச பொட்டு பாதி ஓடிப்போயிருக்கு” என்றாள். ஆயுத பூஜைக்கு அவள் உன் வண்டிக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாளே, ஒவ்வொரு நட்டின் மேலும். நட்டில் பாதி, அடியில் இரும்பில் பாதி என்று பரவிக் காய்ந்திருந்த பொட்டு. இப்போது இரும்பில் இருந்த பாதி அங்கேயே இருக்கிறது, நட்டில் இருந்த பாதி கடிகார முள் போல வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. விழுந்த இரண்டில் மட்டும் அல்ல. ஸ்பீக்கர் பிடித்த இடத்தில், சீட்டின் முன்காலில், பெடல் பலகையின் ஓரத்தில் என்று எங்கே பார்த்தாலும் பொட்டு பிளந்திருந்தது. யாரும் கை வைக்கவில்லை, மகனே. கை வைத்தால் ஒன்றிரண்டு திரும்பும். இது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திரும்பியிருக்கிறது. பூஜைக்குப் பளபளக்க வேண்டும் என்று நீ சட்டம் முழுவதையும் எண்ணெய் போட்டுத் துடைத்தாய், அந்த எண்ணெய் மரைக்குள் இறங்கியிருக்கிறது. அதன் மேல் உன் மோட்டார். நீ இறுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு இருந்த இறுக்கம் அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது பொட்டுக்காக அல்ல. பெடல் பலகையைக் கையால் அசைத்தேன், அது ஆடியது. ஸ்குருவைத் திருப்பினேன், விரலாலேயே வந்துவிட்டது. துளைக்குள் பார்த்தேன். தீக்குச்சி. துளை பெரிதாகிப் போனதால் இரண்டு தீக்குச்சியை ஒடித்து உள்ளே சொருகி, அதன் மேல் ஸ்குருவைத் திருகியிருக்கிறாய்.

“என்னது?” என்றாள் உன் அம்மா.

நான் அந்தக் குச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவள் அதை விரலால் புரட்டிப் பார்த்தாள். “எந்தம்பி வச்ச மாதிரியேவா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உன் மாமா எப்படிப் போனார் என்று நீ கேட்டபோதெல்லாம் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. அது பாதிதான் சரி. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. மாமா ஒரு பழைய வேன் வாங்கி, கூமாப்பட்டி, சுந்தரபாண்டியம் பக்கமிருந்து மில் வேலைக்கு வருகிறவர்களை ராஜபாளையத்துக்கு ஏற்றி வந்துகொண்டிருந்தார். சித்திரை வெயிலில் வேனுக்குள் வெந்து போகிறான் என்று உன் அம்மா ஒரு சின்ன மின்விசிறி வாங்கிக் கொடுத்தாள், வண்டி பேட்டரியில் ஓடுவது. அதை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தகட்டில் துளை போட்டு மூன்று ஸ்குருவில் மாட்டினார். ரோடு அந்த மாதிரி ரோடு, துளை பெரிதாகிக்கொண்டே போனது. விசிறி ஆடினால், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குச்சியை ஒடித்துச் சொருகித் திருகிவிடுவார். ஒரு தடவை நம் கடை வாசலிலேயே அதைச் செய்தார். நீ பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். “மாமா, இப்ப ஆடல” என்று கைதட்டினாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது. ஆனால் உன் கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

கண்மாய்க் கரை வளைவில் அந்த விசிறி பிடுங்கிக்கொண்டு அவர் காலடியில் விழுந்து உருண்டு, பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. அவர் மிதித்தார். பெடல் இறங்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது, மகனே. மிதிக்கத்தான் இடம் இல்லை. வேன் புளியமரத்தில் மோதியது. பின்னால் இருந்தவர்களுக்குக் கையும் காலும் போயிற்று, மாமா மதுரைக்குக் கொண்டுபோன பிறகு இறந்தார். நசுங்கிய வேனுக்குள் குனிந்து பார்த்தவன் நான். பெடலுக்கு அடியில் அந்த விசிறி இருந்தது. இறக்கை வளைந்து, பெடலின் தண்டைப் பற்றிக்கொண்டிருந்தது. உன் அம்மாவும் பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த விசிறியைப் பற்றிப் பேசியதில்லை. பேசி என்ன செய்வது, அவள் வாங்கிக் கொடுத்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைதான் அவள் வாயிலிருந்து வந்தது. “குடுத்தது நாந்தான. காத்து வரட்டும்னுதான் குடுத்தேன்” என்றாள். பிறகு உன் வண்டியைப் பார்த்து, “அந்தப் பிள்ள காலும் அங்கனதான இருக்கும்?” என்றாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஒரு வண்டியைக் கெடுப்பது பெரிய சாமான் அல்ல. இன்ஜினை எல்லோரும் பார்ப்பார்கள், டயரை எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். சௌகரியத்துக்கு என்று பிற்பாடு மாட்டுகிறோமே, அந்தச் சாமானை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது விழுந்தால் எங்கே விழும், யார் காலில் விழும் என்று மாட்டுகிறபோது யோசிப்பவன் கிடையாது. மில்லில் பழைய ஆட்கள் ஆடுகிற மெஷினுக்கு மேலே எதையும் தொங்கவிட மாட்டார்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு பிடி கொடுப்பார்கள். ஒன்று போல்ட்டு. இன்னொன்று சங்கிலி, அது வேறு இடத்தில் கட்டியிருக்கும். போல்ட்டு போனாலும் சாமான் சங்கிலியில் தொங்கும், ஆள் நகர்ந்துகொள்ள நேரம் கிடைக்கும். என்னிடம் சங்கிலி வாங்க வருகிற மில்காரர்களில் ஒருவர்கூட அதற்குப் பேரம் பேசியதில்லை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மானிட்டரைச் சட்டத்தில் மாட்டாதே. சட்டம் ஆடத்தான் செய்யும், வளையத்தைத் திருப்பினால் ஆடும், பெடலை உதைத்தால் ஆடும். மானிட்டருக்குச் சுவரிலோ, தரையில் ஊன்றிய தனிக் காலிலோ இடம் கொடு. சட்டத்தின் ஆட்டம் அதைத் தொடவே கூடாது. துளை ஆங்கிளில் துளை நீளமானது. சின்ன வாஷர் போட்டால் நட்டு துளைக்குள் அமுங்கிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் அகல வாஷர் போடு. மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வை, இல்லாவிட்டால் போல்ட்டு எத்தனை இறுகினாலும் சட்டம் கத்தரிக்கோல் மாதிரி சாயும். சாதா நட்டு வேண்டாம். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு என்னிடம் இருக்கிறது, அதைப் போடு. ஒரு தடவை கழற்றினால் தூர எறிந்துவிட்டுப் புதிது போடு. ஒரு போல்ட்டுக்கு ஒரு வேலைதான். மானிட்டர் கையைப் பிடித்த போல்ட்டிலேயே ஸ்பீக்கரையும் விளக்கையும் மாட்டியிருந்தாயே, ஸ்பீக்கர் அதிர்ந்து அதிர்ந்து தன்னைக் கழற்றுவதற்குப் பதில் மானிட்டரைக் கழற்றிவிட்டது.

ஸ்டியரிங் வளையத்தின் பிடி மரமேசைக்குச் செய்தது. அது இரும்பில் நிற்காது, வழுக்கும். கனமான பலகை ஒன்றைச் சட்டத்தோடு போல்ட்டு போட்டுப் பிடித்துவிட்டு, அந்தப் பலகையில் வளையத்தின் பிடியை மாட்டு. பெடல் பலகைக்கு ஸ்குருவே வேண்டாம், முழுக்கத் துளைத்து அடியில் நட்டு போடு. பலகை நசுங்கும் அளவுக்கு இறுக்காதே. நசுங்கிய மரம் மறுநாளே தளர்ந்து கொடுக்கும். பலகை நகராமலிருக்கப் பெடலுக்குப் பின்னால் நீ செங்கல் வைத்திருந்தாய். அதைப் பார்த்தபோதும் எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. காலடியில் கழன்று நகரக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. ஒயர் எல்லாவற்றையும் சட்டத்தின் ஓரமாகக் கட்டு, கால் போகிற பாதையில் ஒன்றுகூடத் தொங்கக் கூடாது. எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு, மறுபடி ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார். முதல் ஓட்டத்தில்தான் எல்லாம் அமர்ந்து இடம் பிடிக்கும், முதல் தளர்ச்சியும் அப்போதுதான் வரும். அந்த மோட்டார் மட்டும் வேண்டவே வேண்டாம். மற்ற எதைச் சரி செய்தாலும் அது இருக்கிறவரை, நீ இறுக்குகிறதை அது அவிழ்த்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் நானே செய்யலாமே என்று கேட்பாய். நட்டை நான் இறுக்குவேன். வளையம் எந்த உயரம், எந்த ஒயர் எங்கே போகிறது என்பது உனக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நேற்று நடந்ததைக் கேள்.

திங்கள் காலையில் தங்கையா டெம்போவோடு வந்து நின்றார். அட்வான்ஸ் கொடுத்தவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு நியாயம் இல்லை. வண்டியைக் கொடுத்தேன், ஆனால் முழுவதையும் பிரித்துத்தான் கொடுத்தேன். ஆங்கிள் தனி, சீட்டு தனி, பலகை தனி, மானிட்டரும் மோட்டாரும் தனித்தனி. போல்ட்டு, நட்டு, வாஷர் அத்தனையையும் ஒரு சாக்குப் பையில் போட்டு என் கடை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறக்கிய பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. மத்தியானம் போன் வந்தது.

“அண்ணாச்சி, இரும்பக் குடுத்துட்டு உயிர எடுத்து வச்சுக்கிட்டீகளே.”

“வாரேன், நேர்ல பேசுவோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அவருடைய ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரே அறை. அறை நடுவில் உன் வண்டி எலும்பு எலும்பாகக் கிடந்தது. சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை திறப்பு, பெண்களுக்குத் தனி நேரம், கம்ப்யூட்டர் கார் வடிவமைப்பு என்று போட்டு அதன் கீழே உன் பெயர், பட்டத்தோடு. அதைப் படித்தபோது எனக்குப் பெருமை வரவில்லை. பால்கோவா வாங்கி வரச்சொல்லி உபசரித்தார். நான் தொடவில்லை.

“மானிட்டரச் சுவர்ல மாட்டும். மோட்டாரை எடுத்துடும். போல்ட்டு முழுக்கப் புதுசா நான் தாரேன், காசு வேண்டாம்” என்றேன்.

“சுவர்ல மாட்டிக்கிடலாம். சங்கிலியும் போட்டுக்கிடலாம். மோட்டார எப்படி எடுக்க? அந்த நடுக்கத்துக்குத்தான அண்ணாச்சி ஆளு வரும்? அது இல்லாட்டி வெறும் நாக்காலியில்லா.”

“அந்த நடுக்கந்தான் உம்ம மக மேல டிவியக் கவுத்தது.”

“கவுக்கலையே. சாஞ்சுச்சு.” மகளைப் பற்றிச் சொன்னதும் அவர் குரல் இறுகியது. “எம்பிள்ள மேல எனக்கு இல்லாத அக்கறையா உங்களுக்கு? நீங்க போல்ட்டு யாவாரி. செஞ்சது யாரு? இன்ஜினியருத் தம்பி. அவரு வந்து மோட்டாரு வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும், இந்த நிமிசமே கழட்டிருதேன். நீங்க சொன்னா எடுபடாது. போல்ட்டு குடுக்காட்டியும் போங்க, இந்தத் தெருவுலயே நாலு கடை இருக்கு. எங்கிட்ட வெல்டர் இருக்கான், எல்லாத்தையும் ஒரே ஒட்டா ஒட்டிருவான்.”

அதுதான் என் பயம். அந்தத் துளை ஆங்கிள் மெல்லிசு. அதில் வெல்டிங் வைத்தால் பார்க்க மலை மாதிரி இருக்கும். நடுக்கத்தில் ஒட்டின் ஓரத்தில் மயிரிழையாக வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நட்டாவது விழும்போது சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு விழுகிறது. ஒட்டு ஒன்றும் சொல்லாது. இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நோட்டீஸின் மூலையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஜெயா உள்ளே வந்தாள். மேசையில் டீ வைத்துவிட்டு, தரையில் கிடந்த இரும்பைப் பார்த்தாள். “அப்பா, மொதல்ல வேற யாராச்சும் உக்காரட்டுமே” என்றாள். “சும்மா இரு ஏட்டி. வீட்டுப் பிள்ளையே பயந்தா வெளியாளு எப்படி வருவாக?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அவள் உட்காரப் போகிற சாமானைச் செய்தது என் மகன்.

பேசி முடித்தது இதுதான். விலை நீ சொன்னபடியே, அதில் அவரும் குறைக்கவில்லை, நானும் ஏற்றவில்லை. மானிட்டர் சுவரில், நான் கொடுக்கிற தாங்கியில். மேலே சங்கிலி. ஸ்பீக்கர் தனியாகத் தரையில். போல்ட்டும் நட்டும் என் கடையிலிருந்து, இலவசம், அதைக் கொண்டுவந்து மாட்ட வேண்டியவன் நீ. மோட்டார் விஷயம் உன் வாயால் வந்தால் கேட்பார், என் வாயால் வந்தால் கேட்க மாட்டார். வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் வரை பொறுத்திருப்பார், அதற்கு மேல் வெல்டரைக் கூப்பிட்டுவிடுவார். திறப்பைத் தள்ளிப்போடச் சொன்னேன், அதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சீட்டில் முதலில் உட்காரப் போகிறவள் ஜெயா.